அண்ணனுக்கு ஆகாது என்று நான் சொன்ன வெள்ளைக்கரு

1

முப்பது வருடமாக ஜெர்மனியில் குப்பை கொட்டுகிறேன். போன செவ்வாய்க்கிழமைதான் ‘ஐவைஸ்’ என்ற சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரிந்தது. இது சிரிக்கிற விஷயம் என்று நினைத்து அன்று காலை நானும் சிரித்தேன். இதை வாசிக்கிற, இலங்கையில் எங்கள் பதுளைப் பக்கத்து ஆட்களும் முதலில் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம், நான் குறை நினைக்க மாட்டேன்.

அது ஒன்றும் பெரிய சொல் இல்லை. ஜெர்மன் மொழியில் ‘ஐ’ என்றால் முட்டை, ‘வைஸ்’ என்றால் வெள்ளை. கடையில் முட்டை வாங்கவும் வெள்ளைத் துணியைத் தனியாகப் பிரித்துப் போடவும் தெரிந்த எனக்கு இரண்டும் வந்த புதிதிலேயே பழகிவிட்டன. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கிற ஒரு சலவைத் தொழிற்சாலையில்தான் நான் ஜெர்மன் கற்றேன். அந்த ஜெர்மனை வைத்துக்கொண்டு வீட்டுச் சொந்தக்காரனோடு சண்டை போடலாம், மழையைத் திட்டலாம், பஸ் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். சிறுநீரகத்தைப் பற்றிப் பேச அது போதாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

என் சிறுநீரகம் கெட்டது சர்க்கரையால். எங்கள் குடும்பத்தில் நிலம் இல்லை, நகை இல்லை, சர்க்கரை மட்டும் ஆளுக்கொரு பங்கு வந்தது. இன்னும் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்யவேண்டிய நிலைக்கு நான் வரவில்லை, மிச்சமிருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்று சொல்லி டொக்டர் என்னைச் சாப்பாட்டு ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். இங்கே அதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். மருந்து எழுத மாட்டார்கள். நோயாளி என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம், அதை எப்படிச் சமைக்கலாம் என்று எதிரே உட்கார்ந்து பேசுவதுதான் அவர்கள் வேலை.

அவரைப் பார்ப்பதற்கு டொக்டரின் கடிதம் வேண்டும், காப்புறுதிக்காரர்களின் சம்மதம் வேண்டும், சம்மதம் வந்த பிறகு நாள் குறித்துத் தருவார்கள். நாள் வந்தபோது ஒரு கையெழுத்து குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். நான் ஊருக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் புலம்பினேன். சோறு எப்படித் தின்பது என்று கேட்பதற்கு இத்தனை அலைச்சலா என்று அண்ணனிடமே சொல்லிச் சலித்துக்கொண்டேன். அவர் பாவம், “ஆமா தங்கச்சி, ரொம்பக் கஷ்டந்தான்” என்று எனக்காக வருத்தப்பட்டார். அதை இப்போது நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒரு வருடத்துக்கு முன்னால் முதல் முறை போனபோது, மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டார் அந்தப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். வேண்டாம் என்றேன். இத்தனை வருடம் இருந்துவிட்டு மொழிபெயர்க்க ஆள் கேட்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார், புரிந்தது. ஐவைஸைக் குறைக்கச் சொன்னார், அதுவும் புரிந்தது. இரண்டுக்கும் தலையை ஆட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

போன செவ்வாய் மறுபடி போனேன். தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

“ஐவைஸ் தொடுவதே இல்லை. முட்டையில் மஞ்சள் மட்டும்தான் சாப்பிடுகிறேன். வெள்ளையைக் கொட்டிவிடுகிறேன்.”

“சரி, மத்தியானம்?”

“பருப்பு. நிறையப் பருப்பு.”

“இரவு?”

“மீன். சில நாள் கோழி.”

எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. பிறகுதான் விளக்கினார். முட்டை வெள்ளை என்பது அந்தச் சொல்லின் ஒரு அர்த்தம். மீனிலும் கோழியிலும் பருப்பிலும் பாலிலும் இருக்கிற புரதத்துக்கும் ஜெர்மன்காரர்கள் வைத்திருக்கிற பெயர் அதுதான். சொல்லி முடிக்கும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே மன்னிப்புக் கேட்டார். குற்றம் உங்களுடையது இல்லை, எங்கள் மொழியுடையது என்றார். நானும் சிரித்தேன். அடுத்தவருக்கு வைத்திருந்த நேரத்தையும் எனக்கே தந்து, மீன் எந்த அளவு, பருப்பு எந்த அளவு என்று என் உள்ளங்கையை வைத்தே காட்டிக்கொடுத்தார். தேங்காய்ச் சம்பலில் எவ்வளவு உப்புப் போடுவீர்கள் என்றுகூடக் கேட்டார். என் சம்பலைப் பற்றி ஒரு வெள்ளைக்காரப் பெண் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

அந்தக் குஷியில் வாயைத் திறந்தேன். “ஐயையோ, அப்படியானால் என் அண்ணனுக்கும் தப்பாகச் சொல்லிவிட்டேனே.”

2

“அண்ணனுக்கும் சிறுநீரகமா?” என்று கேட்டார்.

“ஆமாம். அவர் இலங்கையில்.”

“எந்த நிலையில் இருக்கிறார்?”

“மெஷினில். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.”

சிரிப்பு போய்விட்டது. அவர் எப்படி இருக்கிறார், மெலிந்திருக்கிறாரா என்று கேட்டார். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்திருக்கிற படம். சட்டை அவர் மேல் காயப்போட்டது மாதிரித் தொங்கும். அந்தப் பெண் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, அண்ணனின் தோளையும் நெற்றிப்பொட்டுப் பள்ளத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு நிறுத்தி நிறுத்தி, எனக்குத் தெரிந்த சின்னச் சொற்களாகத் தேடி எடுத்துப் பேசினார். மெஷின் வரைக்கும் போகாதவர்களுக்கு ஒரு விதம், மெஷினில் இருப்பவர்களுக்கு நேர் எதிர் விதம். என் சிறுநீரகம் களைத்துப்போயிருக்கிறது, அதனால் எனக்குப் புரதம் குறைவாக வேண்டும். அண்ணனுக்கு மெஷின் சுத்தம் செய்யும்போதெல்லாம் அழுக்கோடு சேர்ந்து சத்தும் கொஞ்சம் போய்விடும். போனதைச் சாப்பிட்டு ஈடு செய்யாவிட்டால் உடம்பு தன் சதையையே எடுத்துக்கொள்ளும்.

“உங்கள் அண்ணனுக்கு அதிகமாக வேண்டும். அவர் மாதிரி ஆட்களுக்கு நாங்கள் முதலில் சொல்வதே முட்டையின் வெள்ளைக்கருவைத்தான்” என்றார்.

முப்பது வருடத்தில் அந்த ஒரு தடவை எனக்கு ஜெர்மன் ஒரு சொல் விடாமல் புரிந்தது.

“அங்கே அவருக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொல்வது யார்?”

“யாரும் இல்லை” என்றேன். அது பொய். ஒரு வருடமாக அந்த வேலையைப் பார்த்தது நான்தான். அதை அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

தான் பார்க்காத நோயாளிக்கு, அவருடைய ரத்தப் பரிசோதனை கையில் இல்லாமல், இவ்வளவு சாப்பிடு என்று சொல்லத் தனக்கு அனுமதி இல்லை என்றார். அங்கே உள்ள டொக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள் என்றார். என்னுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, பல நாடுகளில் இந்த வேலைக்கு ஆளே இல்லை, இருந்தாலும் எல்லா நோயாளிகளுக்கும் எட்டுவதில்லை, உங்கள் குடும்பம் மட்டும் இப்படி இல்லை என்றும் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. நான் தப்பாக விளங்கிக்கொண்டதைப் பிடித்துத் திருத்த எனக்கு ஒரு பெண் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன்.

3

அண்ணன் பெயர் மாரிமுத்து. மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை பார்த்தவர். நோய் வந்த பிறகு வேலையை விட்டுவிட்டார். அண்ணி தனம் இன்னும் கொழுந்துக்குப் போகிறார். அவர்கள் மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான், வருடத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்கு வருவான்.

மெஷின் நாளில் அண்ணனும் அண்ணியும் இருட்டோடு எழும்பி, காலையில் வேலை பிரித்துக்கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூப்பிடுகிற நேரத்துக்கு முன்பே ரோட்டுக்கு இறங்கி, பசறை வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடிப்பார்கள். மழைக்கு ரோடு உடைந்தால் பாதி வழி நடை. எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப்போவதில்லை. அங்கே இருப்பவர்கள்தான் அவரை உயிரோடு வைத்திருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஒருவரை மெஷினிலிருந்து இறக்கி அடுத்தவரை ஏற்றவே கைகள் போதாத இடத்தில், வீட்டில் நேற்று என்ன குழம்பு வைத்தீர்கள் என்று விசாரிக்க யாருக்கு நேரம் இருக்கும்?

ஆரம்பத்தில் ஒரு டொக்டர் சிங்களத்தில் ‘லுணு’வைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். சிங்களத்தில் லுணு என்றால் உப்பு, லூனு என்றால் வெங்காயம். அண்ணிக்கு வெங்காயமாகக் காதில் விழுந்துவிட்டது. சில கிழமை அண்ணன் வெங்காயம் இல்லாத குழம்பை, உப்பு மட்டும் தாராளமாகப் போட்டுச் சாப்பிட்டார். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி ஒரு நாள் இவர்கள் சாப்பாட்டை ருசிபார்த்துவிட்டுச் சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கதையை அண்ணி போனில் சொன்னபோது நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். என்ன அண்ணி, இத்தனை வருஷம் சிங்களவங்க பக்கத்துல இருந்தும் இது தெரியலையா என்று கேலி வேறு செய்தேன்.

அந்தக் கூத்துக்குப் பிறகுதான் அண்ணி என்னிடம் கேட்டார். “நமக்கு இவங்க சொல்றது ஒழுங்கா வெளங்குதில்ல சரசு. ஒனக்கும் அதே வியாதிதானே. ஒனக்கு அங்க என்ன சொல்றாங்களோ அத எங்களுக்கும் சொல்லு.”

நான் சொன்னேன். “உப்பக் கொறைங்க அண்ணி. முட்டை வெள்ளைக்கரு ஆகவே ஆகாதாம். பத்தியமா இருக்கச் சொல்லுங்க.”

பத்தியம் என்ற சொல்லை ஜெர்மன்காரி சொல்லவில்லை. அது நான் சேர்த்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி என்று நல்லதாக ஒன்று சமைத்துக் கொடுப்போம்தான். ஆனால் நோயாளிக்குப் பத்தியம் என்றால் நம் ஆட்களுக்கு ஒரே அர்த்தம், வாயைக் கட்டுவது. எவ்வளவு விட்டுவிடுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் குணமாகும் என்று ஒரு நம்பிக்கை. பத்தியம் இருக்கிறவன் இரண்டு முட்டை சேர்த்துச் சாப்பிடுகிறான் என்று யாராவது சொன்னால் நாமே சிரிப்போம்.

அண்ணி ஒன்றைச் சொன்னால் இரண்டாகச் செய்கிறவர். “வெள்ளைக்கரு ஆகாதுன்னா கோழி ஆகுமா? மீனு? பருப்பு?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஜெர்மனியில் இருந்துகொண்டு தெரியாது என்று எப்படிச் சொல்வது? நான் அப்போது மீனும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் மெஷின் வரைக்கும் போன ஆளுக்கு என்னைவிடக் கடுமையாகத்தான் இருக்கவேண்டும் என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்தேன்.

“எதுக்கு வம்பு அண்ணி, எல்லாத்தையும் விட்டுடுங்க” என்றேன். மறந்துவிடக் கூடாது என்று அதையே குரல்பதிவாகவும் அனுப்பிவைத்தேன்.

அந்த ‘எதுக்கு வம்பு’தான் ஒரு வருடமாக அண்ணனின் சாப்பாடு. ரொட்டி, கஞ்சி, அவித்த போஞ்சிக்காய், முட்டைக்கோவா. வீட்டில் இரண்டு கோழி முட்டையிடுகிறது. அண்ணி முட்டையை உடைத்து மஞ்சளை மட்டும் எடுத்து அவருக்குக் கொடுப்பார். அண்ணன் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லையாம். ஒவ்வொரு முறை பேசும்போதும் என்னிடம் சொல்வார், “நீயும் அங்க வாயக் கட்டிக்கிட்டுத்தானே கெடக்குற. ஒன்ன நெனச்சுக்கிட்டா எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல.” ‘இல்லை அண்ணே, எனக்கு மீன் உண்டு’ என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு ஒரு காரணமும் இல்லை. அவர் அப்படி நினைப்பது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

4

செவ்வாய் சாயங்காலம் மகள் நிவேதாவுக்குப் போன் போட்டேன். அவள் வேறு நகரத்தில் வேலை பார்க்கிறாள். தமிழ் விளங்கும், பதில் ஜெர்மனில்தான் வரும். நான் கெஞ்சிக் கேட்டால் தமிழில் பேசுவாள், ஆனால் அவளிடம் இருப்பது சின்ன வயதில் என்னிடம் கேட்டுப் பழகிய தமிழ். அதில் பசி, தூக்கம், குளிர், அடி மாதிரியான சொற்கள்தான் உண்டு. ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்து, நோகாமல் சொல்வதற்கான சொற்களை நான் அவளுக்குக் கொடுக்கவே இல்லை.

நடந்ததைச் சொல்லி, அந்தப் பெண் சொன்னது சரிதானா என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். அவள் தேடி வாசிக்கிற சத்தம் கேட்டது. சரிதான் என்றாள். பிறகு, நான் கேட்காமலே தமிழில் கேட்டாள்.

“அம்மா, நீங்க மாமாவ பட்டினி போட்டீங்களா?”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இப்படியா தாயிடம் பேசுவது என்று கத்தினேன். அவள் பயந்துபோய் ஜெர்மனுக்கு மாறி, நான் தப்பான சொல் சொல்லிவிட்டேனா, சரியான சொல் எது என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். அதைவிடச் சரியான சொல் எனக்கும் தெரியவில்லை.

“ஏன் என்னைக் கூட்டிப்போகவில்லை? நான் வந்து கேட்டிருப்பேனே” என்றாள். ஒரு காலத்தில் எல்லா அலுவலகத்துக்கும் அவளைத்தான் இழுத்துப்போவேன். பள்ளிக்கூடப் பையோடு என் பக்கத்தில் நின்று, விசாக்காரரிடமும் வரிக்காரரிடமும் எனக்காகப் பேசுவாள். பத்து வயதுப் பிள்ளை அவள். ஒரு நாள் மருத்துவரிடம் என் மாதவிலக்குக் கோளாறை அவள் வாயால் சொல்லவேண்டி வந்தது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அவளைக் கூப்பிட எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது? உனக்கு வேலை இருக்கும் என்று நினைத்தேன் என்று முடித்துவிட்டேன்.

அவள் ஒன்று கேட்டாள். அந்தப் பத்தியத்தை வேறு யாருக்காவது சொன்னீர்களா?

சொன்னேன். அதையும் இங்கே எழுதியே ஆகவேண்டும், இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். வெள்ளைக்கரு ஆகாது, கோழி மீன் பருப்பு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று அண்ணிக்கு நான் அனுப்பிய குரல்பதிவை அண்ணி மெஷினுக்கு வருகிற மற்றவர்களின் வீட்டுக்காரர்களுக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார். கேட்டவர்களுக்கு அனுப்பியும் இருக்கிறார். ஜெர்மன் டொக்டர் சொன்னது என்று சொல்லித்தான் அது போயிருக்கிறது. கொஸ்லந்தவிலிருந்து ஒரு பெண் எனக்கே போன் போட்டு, “அக்கா, ஒங்க புண்ணியத்துல எங்க வீட்டுக்காரரும் பத்தியமா இருக்காருங்க” என்று நன்றி சொன்னார். அந்த நம்பரை நான் வைத்துக்கொள்ளவில்லை.

உங்களில் யாருடைய போனிலாவது அந்தப் பதிவு இருந்தால், அந்தக் குரல் டொக்டருடையது இல்லை. சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற, ஒரு சொல்லைத் தப்பாக விளங்கிக்கொண்ட பெண்ணுடையது. தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவரைப் பார்க்கிற டொக்டரிடமே நின்று கேளுங்கள். சங்கடப்படாமல், விளங்கும் வரைக்கும் கேளுங்கள்.

5

அண்ணனுக்குச் சொல்லவேண்டியதைச் செவ்வாய் இரவே சொல்லியிருக்கலாம். புதன், வியாழன், வெள்ளி என்று தள்ளிக்கொண்டே போனேன். வேலை, தலைவலி, அங்கே இப்போது தூங்குவார்கள் என்று ஒவ்வொரு நாளைக்கும் ஒரு சாக்கு. இந்த நாட்களிலும் அவர் கஞ்சிதான் குடித்துக்கொண்டிருப்பார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தள்ளினேன். ஒரு வருடம் செய்ததாவது அறியாமல் செய்தது. அந்த மூன்று நாளுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

சனிக்கிழமை வீடியோவில் கூப்பிட்டேன். எனக்குக் காலை, அவர்களுக்கு மத்தியானம். அன்று மெஷின் இல்லாத நாள். அண்ணிதான் போனை எடுத்தார், லயத்துக் காம்பரா அறைக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார்.

“அண்ணி, அண்ணனுக்கு நான் சொன்ன பத்தியம் தப்பு.”

“என்ன தப்பு?”

“வெள்ளைக்கரு ஆகாதுன்னேன்ல. அவருக்கு அதுதான் வேணுமாம். மீனு, கோழி எல்லாம் வேணுமாம். மெஷின்ல இருக்கிறவங்க நல்லா சாப்பிடணுமாம்.”

“யாரு சொன்னா?”

“இங்க உள்ள அந்தம்மா.”

“மொதல்ல ஆகாதுன்னு சொன்னதும் அந்தம்மாதானே?”

“அவங்க சரியாத்தான் சொன்னாங்க அண்ணி. எனக்குத்தான் வெளங்கல. அவங்க சொன்னதும் எனக்குத்தான், அண்ணனுக்கு இல்ல. மத்ததெல்லாம் நானா சொன்னது.”

அண்ணி கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

“அப்ப இவரு இம்புட்டு எளைச்சது?” என்று கேட்டார். “மெஷின் ஆள உருக்கிரும்னு லயத்துல எல்லாருஞ் சொன்னாங்க. நானும் வியாதிதான் திங்குதுன்னு நெனச்சேன். நாந்தான் திங்கக் குடுக்காம வச்சிருந்திருக்கேன்.”

“நீங்க இல்ல அண்ணி, நான்.”

“நீ அங்க இருந்து சொன்ன. செஞ்சது நானு. வெள்ளையத் தெனமும் நாய்க்குத்தான் ஊத்துனேன். இவரு அதப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருப்பாரு சரசு.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணி திட்டவில்லை, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். திரையில் அவர் முகம் வந்தது. அந்தப் பெண் பெரிதாக்கிப் பார்த்த பிறகு எனக்கும் அந்த நெற்றிப்பொட்டுப் பள்ளம்தான் முதலில் தெரிந்தது.

“அதான் நம்ம நாய் தொரை மாதிரி கொழுத்துக் கெடக்கா?” என்று சிரித்தார்.

நான் அழுதேன். அவர் அடுப்புப் பக்கம் திரும்பி, “ஏய் தனம், விடு. தங்கச்சி நல்லதுக்குத்தானே சொன்னுச்சு” என்றார். அண்ணி பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

“அண்ணே, ஆஸ்பத்திரியில ஒங்களுக்கு சாப்பாட்டப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா?”

“ஏன் சொல்லல? அந்த மிஸ்ஸி நல்ல புள்ள. நல்லா சாப்பிடுங்க ஐயான்னு சிங்களத்துல அடிக்கடி சொல்லும். சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடிரும். எனக்கு எது ‘நல்லா’ன்னு தெரியாது. நீ வேற பத்தியம்னு சொல்லியிருந்த. அந்தப் புள்ள சும்மா சொல்லுது, வெளிநாட்டுல சொன்னதுதான் சரின்னு ஒன் பேச்சத்தான் கேட்டேன்.”

எத்தனையோ முறை அந்தத் தாதிப் பெண் சரியாகச் சொல்லியிருக்கிறாள். ஓடுகிற ஓட்டத்தில் அவளால் கொடுக்க முடிந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதையும் அண்ணன் காதில் விழாமல் அடைத்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன்.

“இனிமே நான் எதுவும் சொல்ல மாட்டேன் அண்ணே” என்றேன். “எனக்கு ஒண்ணும் தெரியாது. செவ்வாக்கெழம போறப்ப அந்த மிஸ்ஸியப் புடிச்சு நிறுத்திக் கேளுங்க. ரத்தம் பாத்த துண்ட டொக்டர்கிட்ட காட்டி, என்ன சாப்பிடணும், எவ்வளவு சாப்பிடணும்னு கேளுங்க. தமிழ் தெரிஞ்ச யாரையாவது பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேளுங்க.”

“கேக்குறேன், கேக்குறேன்” என்றார். “செவ்வாக்கெழமைக்கு இன்னும் நாளு கெடக்கே. இப்ப அடுப்பு எரியுது, ஒங்க அண்ணி என்ன வைக்கிறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கிறா. இன்னைக்கு நான் என்ன சாப்பிடட்டும்? அதச் சொல்லு தங்கச்சி.”

அண்ணியும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்கள் முகத்தில் கோபம் இல்லை, சந்தேகம்கூட இல்லை. இவ்வளவு நடந்த பிறகும் அவர்களுக்குக் கேட்க என்னை விட்டால் ஆள் இல்லை. சொல்லாமல் வைத்துவிட்டால் இன்றைக்கும் கஞ்சிதான்.

“வெள்ளைக்கரு சாப்பிடுங்க அண்ணே” என்றேன். “அவிச்சு, உப்புப் போடாம.”

“எத்தன?” என்று கேட்டார் அண்ணி.

எனக்குத் தெரியவில்லை.